கேம் சைட் ரீடிசைன்: நேர்காணலா, டெஸ்டா, ஹீட்மேப்பா, ஏ/பி-யா?

ஆன்லைனில் டீம் பில்டிங் விளையாட்டு நடத்தித் தரும் வெப்சைட்டுக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் புக் செய்பவர்: ஹெச்.ஆர்., அட்மின், சில இடங்களில் டீம் லீடே. நாலைந்து சைட்டுகளைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். இன்னொருவர் ஆடுபவர். தொடங்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது காலண்டர் அழைப்பில் உள்ள லிங்க்கைத் தட்டி வருவார். விலை என்ன என்பது அவருக்குத் தேவையே இல்லை. வினாடி வினா விளையாட்டான கஹூட் இவர்களை முகவரியிலேயே பிரித்துவிட்டது: ஆடுபவருக்கு கஹூட் டாட் ஐடி, வினாடி வினா தயாரிப்பவருக்கு கஹூட் டாட் காம். ஜாக்பாக்ஸ் என்ற பார்ட்டி கேமிலும் ஆடுபவர்கள் போவது ஜாக்பாக்ஸ் டாட் டிவி. இப்படிப்பட்ட சைட்டை ரீடிசைன் செய்யுமுன் பயனர் ஆய்வு முறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தப் பிரிவினைதான் முதல் கேள்வி.

ஹீட்மேப், ரெக்கார்டிங்

பக்கத்தில் ஆட்கள் எங்கே தட்டினார்கள், எவ்வளவு தூரம் உருட்டினார்கள் என்று நிறத்தில் காட்டும் படம் ஹீட்மேப். ஒருவர் சைட்டில் செய்ததை வீடியோ போலத் திரும்பப் பார்ப்பது ரெக்கார்டிங். பலரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டையும் தரும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற கருவி இலவசம். ஒரு ஸ்கிரிப்டைச் சேர்த்தால் அன்றைக்கே தகவல் வரத் தொடங்கும். உண்மையான பலன், பட்டன் மாதிரி தெரிந்தும் வேலை செய்யாத இடங்களைக் காட்டிக் கொடுப்பது. 'ஜூம், டீம்ஸில் ஆடலாம்' என்று சின்னங்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஆட்கள் அவற்றைத் தட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் திறக்காது.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு, இரண்டு கூட்டமும் ஒரே படத்தில் கலந்துபோவது. லிங்க் பாதியில் வெட்டுப்பட்ட ஆட்டக்காரர்கள் முகப்புப் பக்கத்துக்கு வந்து, அறைக் குறியீட்டை உள்ளிடும் பெட்டியைத் தேடி மேலும் கீழும் உருட்டுவார்கள். படத்தைப் பார்ப்பவர் 'விலைப் பகுதி வரை எல்லோரும் படிக்கிறார்கள்' என்று முடிவு கட்டிவிடுவார். விளையாட்டு அறையிலிருந்தும் அழைப்பு லிங்க்கிலிருந்தும் வந்தவர்களை முதலில் வடிகட்டுங்கள், மொபைலையும் கம்ப்யூட்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்படிச் செய்தாலும் ஒருவர் விலைப் பட்டியலில் மூன்று முறை திரும்பி வந்ததற்குக் காரணம் குழப்பமா ஆர்வமா என்று படம் சொல்லாது.

நேர்காணல்

புக் செய்பவரைப் புரிந்துகொள்ள இதற்கு நிகரான முறை இல்லை. அரை மணி நேரம், ஆறு முதல் எட்டுப் பேர். கடந்த மூன்று மாதத்தில் வாங்கியவர்கள் பாதி, விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்கள் பாதி. இரண்டாம் பாதியைப் பிடிப்பது கடினம், பேசச் சம்மதிப்பவர்களும் குறைவு. ஆனால் சைட்டில் என்ன இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வாங்கியவர்களை மட்டும் கூப்பிட்டால் பாராட்டுதான் மிஞ்சும்.

'இந்த வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்கவே கூடாது. மரியாதைக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'கடைசியா டீமுக்கு ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தீங்களே, முதல் நாளிலிருந்து சொல்லுங்க. யார் கேட்டாங்க, நீங்க எதைத் தேடினீங்க, யார்கிட்ட ஒப்புதல் வாங்கினீங்க?' என்று நடந்ததைக் கேளுங்கள். அப்போதுதான் மேனேஜருக்கு அனுப்ப ஒரு பக்க பி.டி.எஃப். தேவைப்பட்டது, அக்கவுண்ட்ஸில் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் கேட்டார்கள், 35 பேர் என்று புக் செய்து 28 பேர் வந்தால் பணம் என்னாகும் என்று தெரியவில்லை என்பதெல்லாம் வெளியே வரும். 'விலைக்குத் தொடர்பு கொள்ளுங்கள்' என்ற படிவம் எத்தனை பேரை அங்கேயே திருப்பி அனுப்பியது என்பதும் இங்கேதான் தெரியும்.

ஆட்டக்காரரை இதே மாதிரி உட்காரவைத்துக் கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

உடன் இருந்து பார்க்கும் டெஸ்ட்

வேலையைக் கொடுத்துவிட்டு, திரையைப் பகிரச் சொல்லி, வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பார்ப்பது. ஆளுக்கு 45 நிமிஷம். முதல் ஆளை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் வேலையின் வாசகத்தில் எப்படியும் ஒரு ஓட்டை இருக்கும்.

வாசகம் இப்படி இருக்கலாம்: 'உங்கள் டீமில் 35 பேர், அதில் மூவர் சிங்கப்பூரில். அடுத்த வெள்ளி மாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆளுக்கு 800 ரூபாய்க்குள் இது முடியுமா என்று கண்டுபிடியுங்கள்.' பட்டனில் உள்ள சொல்லை வாசகத்தில் வைக்கக் கூடாது. 'டெமோ புக் செய்யுங்கள்' என்று சொன்னால், கண் அந்தச் சொல்லைத் தேடிப் போய் நிற்கும். பக்கம் நன்றாக இருக்கிறது என்ற பொய்யான முடிவு வரும்.

ஐந்து பேர் போதும் என்ற பேச்சு நீல்சனும் லேண்டாவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வருகிறது. ஒரு கோளாறு ஒருவர் கண்ணில் படும் சராசரி வாய்ப்பு 31% என்றால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85% கோளாறுகள் வெளிப்படும். பத்தில் ஒருவரை மட்டும் பாதிக்கும் கோளாறு ஐந்து பேரில் தென்பட 41% வாய்ப்புதான். நம் சைட்டில் அப்படிப்பட்ட கோளாறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. நேரடி வீடியோ வழக்கமாகப் போகும் யூ.டி.பி. என்ற பாதை ஆபீஸ் நெட்வொர்க்கில் அடைக்கப்பட்டிருந்தால் விளையாட்டு அறைக்குள்ளேயே நடக்கும் வீடியோ வராது, வெப் பக்கங்கள் வரும் டி.சி.பி. 443 வழியாக மாற்றுப் பாதை வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம். ஆகவே ஆடுபவர் டெஸ்டை அவரவர் கம்பெனி லேப்டாப்பில், வி.பி.என். போட்ட நிலையில் நடத்துங்கள்.

இன்னொன்று, வடிவமைப்பாளரின் பெரிய மானிட்டரில் தெரியவே தெரியாது. ஆடுபவர் ஒரு பாதியில் ஜூமையும் மறு பாதியில் விளையாட்டையும் வைத்துக்கொள்வார். 1366 பிக்சல் அகலத் திரையில் விளையாட்டுக்குக் கிடைப்பது 683. மொபைல் லேஅவுட்டுக்கு மாறும் எல்லையை 768-இல் வைத்திருந்தால், லேப்டாப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு மொபைல் பக்கம் வரும். மெனு மூன்று கோடாகச் சுருங்கும், கடிகாரம் உருட்டினால்தான் தெரியும் இடத்துக்குப் போய்விடும்.

ஆள் இல்லாமல் நடத்தும் டெஸ்ட்

கருவியில் வேலையை ஏற்றிவிட்டால் ஆட்கள் தாங்களே செய்து ரெக்கார்டிங் அனுப்புவார்கள். மலிவு, வேகம். ஆடுபவர் பக்கத்துக்கு இது பொருந்தும், ஏனென்றால் ஆபீஸில் வேலை பார்க்கும் யாரும் ஆட்டக்காரர் ஆகலாம். 'லிங்க்கைத் தட்டி, பெயர் போட்டு, அறைக்குள் நுழையுங்கள்' போன்ற சின்ன வேலைக்கு இதுவே போதும். புக் செய்பவருக்கு வேண்டாம். காசுக்காக டெஸ்ட் செய்பவர் ஹெச்.ஆர். என்று டிக் அடித்துவிட்டு வருவார். பட்ஜெட் ஒப்புதல் வாங்கிய அனுபவம் இருக்காது, வேகமாக முடிப்பதுதான் அவர் நோக்கம்.

ட்ரீ டெஸ்ட், சர்வே

மெனுப் பெயர்களில் சந்தேகம் இருந்தால் மட்டும் ட்ரீ டெஸ்ட், ஐம்பது பேர் அளவில். வடிவமைப்பு ஏதுமின்றி மெனுப் பெயர்களை மட்டும் காட்டி, ஒன்றை எங்கே தேடுவீர்கள் என்று கேட்பது அது. 'தீர்வுகள்' என்ற மெனுவுக்குள் விலையைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது என்பதை இது எண்ணிக்கையோடு காட்டும். சர்வேயில் ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்வி எஸ்.யூ.எஸ். (பயன்படுத்த எளிதா என்று நூற்றுக்கு மதிப்பெண் தரும் சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) போதும். 68 என்பது சராசரி மதிப்பெண்ணாகக் கொள்ளப்படுகிறது. எங்கே கோளாறு என்று அது சொல்லாது, பழைய சைட்டையும் புதியதையும் ஒப்பிட மட்டும் பயன்படும்.

ஏ/பி டெஸ்ட்

ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை வருபவர்களுக்குப் பிரித்துக் காட்டி, எது அதிகப் பலன் தருகிறது என்று எண்ணிப் பார்ப்பது. மேனேஜ்மென்டுக்கு மிகவும் பிடித்தது, இந்த வகை சைட்டுக்கு மிகவும் பொருந்தாதது. மாதம் 3,000 பேர் வருகிறார்கள், 2% பேர் விசாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 2.4% ஆக்கும் மாற்றத்தை வழக்கமான 95% நம்பகத்தன்மை, 80% திறனோடு (உண்மையான மாற்றத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) உறுதி செய்ய ஒரு வடிவத்துக்குச் சுமார் 20,000 பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 40,000, பதின்மூன்று மாதம். இதற்கு நடுவில் டிசம்பர் பார்ட்டி சீசன் வந்து கணக்கைக் கலைத்துவிடும். 2% நேராக 4% ஆகும் அளவுக்குப் பெரிய மாற்றம் என்றால் வடிவத்துக்கு 1,200 பேரில் தெரிந்துவிடும், ஒரு மாத வேலை. விலையை மறைத்து வைப்பதா வெளியே போடுவதா என்பது அந்த ரகம். பட்டன் நிறம் அந்த ரகம் இல்லை.

நாலு வாரமும் ஒரே ஒரு ஆய்வாளரும்தான் கையில் என்றால், முதல் வாரம் நேர்காணல். கூடவே கிளாரிட்டியைப் போட்டுவிடுங்கள், அது பின்னால் ஓடட்டும். இரண்டாம் வாரம், மாதிரித் திரைகளை வரையும் ஃபிக்மாவில் விலை, அறை நுழைவு ஆகிய இரண்டு பக்கங்கள் மட்டும். மூன்றாம் வாரம் உடன் இருந்து பார்க்கும் டெஸ்ட், புக் செய்பவர் நாலு, ஆடுபவர் நாலு. இதில் ஆடுபவருக்கு ஃபிக்மா போதாது, நெட்வொர்க் சோதனைக்காக உண்மையான அறையைத் திறந்து கொடுக்க வேண்டும். நாலாம் வாரம் திருத்தி, சிக்கிய இடங்களை மட்டும் மறுபடி ஓரிருவரிடம். பழைய சைட்டை இறக்குமுன் அதன் எஸ்.யூ.எஸ். மதிப்பெண்ணையும் 'விலையைக் கண்டுபிடிக்க எத்தனை வினாடி' என்ற அளவையும் எடுத்து வைத்துவிடுங்கள். இறக்கிய பிறகு அந்த எண்கள் எங்கும் கிடைக்காது.