அறக்கட்டளை வைத்திருப்பவர்களே, 62,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் எழுதுகிறேன்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நேற்று மாலை புது ஆடிட்டர் வருமான வரித் தளத்தில் எங்கள் அறக்கட்டளையின் கணக்கைத் திறந்து காட்டினார். 12ஏபி பதிவு, அதாவது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு, கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜியும் கூடவே போயிற்று. இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பியும் பதில் வரவில்லையாம். எங்களுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லையே!

அப்பத்தா பெயரில் அப்பா தொடங்கிய சிறிய அறக்கட்டளை இது. பெருந்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக், நர்சிங் கட்டணம் கட்டுகிறோம். மஞ்சள் விற்ற காசும் சொந்தபந்தங்கள் தரும் நன்கொடையும்தான் வரவு. முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். அது முடியக் குறைந்தது ஆறு மாதம் இருக்கும்போதே 10ஏபி படிவத்தில் முறையான பதிவு கேட்டாக வேண்டியிருந்தது. இதற்குத்தான் ஓர் ஆளைப் பிடித்தோம்.

பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். கோவையில் அலுவலகம், அறக்கட்டளைகளின் பதிவு, கணக்கு, தணிக்கை எல்லாம் தாமே பார்ப்பதாகச் சொன்னார். எந்த ஊர், எந்தக் கோயில் என்று அப்பா விசாரித்தார். பதில் பிடித்துப்போயிற்று. அதற்குமேல் நாங்கள் எதையும் விசாரிக்கவில்லை.

கட்டணம் 62,000 ரூபாய் என்றார். அதில் 12,000 'அரசுக் கட்டணம்' என்று தனி வரி. அந்தப் படிவத்துக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு வெட்கக்கேடு: எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தின்படி எந்தச் செலவுக்கும் இரண்டு அறங்காவலர்கள் கையெழுத்திட வேண்டும். அவசரம் என்றாரே என்று நான் என் சொந்தக் கணக்கிலிருந்து ஜிபேயில் அனுப்பிவிட்டேன். தீர்மானம் இல்லை, ரசீதும் இல்லை.

ஒரு நாள் தோட்டத்தில் மோட்டார் போடப் போன நேரத்தில் அழைத்தார். "அண்ணா, ஓர் ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்." சொன்னேன். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று கேட்டார். அதையும் சொன்னேன். அவற்றை வைத்து வருமான வரித் தளத்தில் கடவுச்சொல்லை மாற்றி, தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் தம்முடையதாக மாற்றிவிட்டார். அதன்பிறகு எனக்கு ஓடிபி வருவதே நின்றுவிட்டது. தொந்தரவு விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அந்தப் புத்திக்குத்தான் இந்த 62,000.

நோட்டீஸ் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. கேட்டிருந்தவை பத்திர நகல், வரவு செலவுக் கணக்கு, வங்கி அறிக்கை, கட்டணம் கட்டிய ரசீதுகள். அத்தனையும் அப்பாவின் பீரோவில் ஒரு மஞ்சள் பையில் கிடந்தன!

இடையில் நாங்கள் கேட்காமல் இல்லை. "சென்னையில் ஃபைல் நகர்கிறது" என்றார். பிறகு தளம் மெதுவாக இருக்கிறது என்றார். மாரியம்மன் நோன்பிக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று அலுவலகப் பெண் சொன்னாள். நேரில் போனால் டீ வந்தது, ஆள் வரவில்லை. நேற்று இரவு பிடித்துக் கேட்டபோது, "புதிதாக விண்ணப்பித்துக்கொள்ளலாம் அண்ணா, 30,000 ஆகும்" என்கிறார். 62,000-ஐப் பற்றிக் கேட்டதும் தொடர்பு அறுந்தது. இப்போது என் எண்ணையே தடுத்து வைத்திருக்கிறார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. தளத்தில் உங்கள் அறக்கட்டளையின் சுயவிவரத்தை இன்றே திறந்து, யாருடைய எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள். நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். இணையத்தில் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட உதவும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். அறக்கட்டளைப் பணத்தை அறக்கட்டளைக் கணக்கிலிருந்தே, தீர்மானம் எழுதிக் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு ஆடிட்டர் காகிதம் கேட்டிருக்கிறார். அந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.