"நிச்சயப் பரிசு" என்று அச்சடித்துவிட்டுக் குலுக்கல் கூப்பனை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் என்று ஃப்ரிட்ஜ், டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். மதுரையில் ஒரு பெரிய ஷோரூமில் எங்களுக்கு நடந்தது. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

காலைப் பேப்பரோடு வந்த நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: "ரூ.50,000க்கு மேல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் 1 கிராம் தங்க நாணயம் நிச்சயம்." தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சீர் வாங்க வேண்டியிருந்தது. அதே ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் எங்கள் ஏரியா கடையில் விலை குறைவுதான். ஆனால் தங்கம் விற்கிற விலைக்கு ஒரு கிராம் சும்மா வருகிறதென்றால் யாருமே கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் செய்வார்கள். நாங்களும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் போனோம். நோட்டீஸைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். சேல்ஸ்மேன் தம்பி அதன் ஓரத்திலேயே பேனாவால் இரண்டு மாடல் நம்பரையும் விலையையும் எழுதிக் கூட்டிக் காட்டி, "அம்பதாயிரம் தாண்டிருச்சு சார், காயின் பில் கவுண்டர்லயே குடுத்துருவாங்க" என்றார்.

பணம் கட்டி முடித்ததும் கவுண்டரில் நீட்டியது மஞ்சள் நிறக் கூப்பன் ஒன்று. பேர், போன் நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் போடச் சொன்னார்கள். கூப்பனின் அடியில் பொடி எழுத்து: குலுக்கலில் தேர்வாகும் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பரிசு, நிர்வாகத்தின் முடிவே இறுதியானது. மேனேஜரைக் கூப்பிட்டு நோட்டீஸைக் காட்டினோம். "சார், அது விளம்பரம். விளம்பரத்துல போட்டதையெல்லாம் அக்ரிமென்ட் மாதிரி கேட்டா எப்படி?" என்றார். என் மனைவி விடவில்லை. "ஒவ்வொருவருக்கும்னு உங்க நோட்டீஸ்லதானண்ணே போட்டிருக்கு, நீங்களே வாசிங்க" என்றாள். அவர் வாங்கி வாசிக்கவே இல்லை. நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். அந்த நிபந்தனைகள் எங்கே எழுதியிருக்கின்றன என்று கேட்டதற்குப் பதில் கிடையாது. நோட்டீஸிலும் இல்லை, கடைச் சுவரிலும் இல்லை.

"அது வெறும் விளம்பரம்" என்று சொல்லிவிட்டால் நம்மில் பெரும்பாலானோர் திரும்பிவிடுவோம். அந்த வார்த்தையில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. டிவி இத்தனை ரூபாய் என்று விளம்பரம் செய்வதைச் சட்டம் பொதுவாக வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. வந்து பேசுங்கள் என்ற அழைப்பாகத்தான் பார்க்கிறது. ஆனால் "இதைச் செய்தால் இதைத் தருவேன்" என்று திட்டவட்டமாக அறிவிப்பது வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 8, இதற்காகவே இருக்கிறது. அறிவிப்பில் சொன்ன நிபந்தனையை ஒருவர் நிறைவேற்றினால், அதுவே சம்மதம். தனியாகக் கையெழுத்து வேண்டாம், முன்கூட்டிக் கடிதம் போட வேண்டாம். நாங்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் பணம் கட்டிய அந்த நிமிடத்தில் ஒப்பந்தம் உருவாகிவிட்டது.

நம் சட்டக் கல்லூரிகளில் இதற்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கு லண்டனில் நடந்தது. மூக்கில் வைத்துக் கார்பாலிக் புகையை உறிஞ்சும் ரப்பர் பந்து ஒன்றை ஒரு கம்பெனி விற்றது. தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் சொன்னபடி உபயோகித்த பிறகும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று 1891இல் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. அதை நம்பி வாங்கி உபயோகித்த கார்லில் என்ற பெண்மணிக்கு 1892 ஜனவரியில் காய்ச்சல் வந்தது. கம்பெனி சொன்ன சாக்குகளைப் பாருங்கள்: அது விளம்பரத்துக்காகச் சொன்ன பெருமைப் பேச்சு, ஊர் உலகத்தோடு எல்லாம் ஒப்பந்தம் போட முடியாது, அந்த அம்மா சம்மதம் என்று எங்களிடம் சொல்லவே இல்லை. எங்கள் மேனேஜர் சொன்னதும் ஏறக்குறைய இவைதான். நீதிமன்றம் ஒவ்வொன்றையும் தள்ளியது. பணம் தரத் தயாராக 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்று அதே விளம்பரத்தில் கம்பெனி எழுதியிருந்தது. பெருமைக்குப் பேசுகிறவன் அப்படி எழுதுவானா? அந்த அம்மாவுக்கு 100 பவுண்டு கிடைத்தது.

எல்லா விளம்பரமும் இப்படிக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. பானம் வாங்கினால் கிடைக்கும் பாயின்ட்டை 70 லட்சம் வரை சேர்த்தால் போர் விமானம் என்று பெப்சி வேடிக்கையாகக் காட்டிய விளம்பரத்தை நம்பி ஒருவர் வழக்குப் போட்டார். நியாயமாக யோசிக்கும் எவரும் அதை நம்பமாட்டார் என்று 1999இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐம்பதாயிரத்துக்குப் பொருள் வாங்கினால் ஒரு கிராம் தங்கம் என்பது அந்த வகையில் சேராது. நம் ஊரில் யாரும் நம்பக்கூடிய விஷயம் அது.

அறிவிப்பு நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. காணாமல்போன பையனைத் தேடிப் போன லால்மன் சுக்லா என்ற ஊழியருக்கு, பரிசு அறிவித்தது தெரியாமலே கண்டுபிடித்தார் என்பதால், 1913இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பரிசுப் பணம் கிடையாது என்றது. அதனால்தான் சேல்ஸ்மேன் எழுதிக் கூட்டிய அந்த நோட்டீஸ் எங்களுக்கு இப்போது பெரிய சாட்சி. பொருள் வாங்குவதற்கு முன்பே அது எங்கள் கையில் இருந்தது என்பதற்கு அவர்கள் ஆள் கைப்பட எழுதியதே அதில் இருக்கிறது.

இனி அந்த மஞ்சள் கூப்பன். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான். பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதைத் தமிழ்நாட்டில் 1979ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். நாடு முழுக்க நடத்தும் போட்டிகளின் விளம்பரத்தில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். எல்லோருக்கும் நிச்சயம் என்று சொன்ன வரை நம் பக்கம் சட்டம் உறுதியாக நிற்கிறது. கூப்பனில் கையெழுத்துப் போட்டால், குலுக்கலுக்கு நாமே ஒத்துக்கொண்டோம் என்று கடைக்காரர் வாதாடலாம். தடை செய்த குலுக்கலில் விழாத பரிசைக் கேட்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவது? நாங்கள் கூப்பனில் எதுவும் எழுதாமல், அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, நாணயம் கேட்டுக் கடிதம் அனுப்பியதும் கடையிலிருந்து போன் வந்தது. ஹாட் பாக்ஸ் செட் ஒன்று தருகிறோம், "முழுப் பரிசும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். யாரும் அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47) படி முறையற்ற வணிகம். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. முதலில் விவரம் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. பில்லை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். இப்போது கடைகளில் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுகிறது.

அன்று அந்தக் கவுண்டரில் எங்களுக்கு முன்னும் பின்னும் நின்ற பலர் கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டதைப் பார்த்தேன். ஒரு வயதான அம்மா பேத்தியை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். ஒரே பாதிப்பு உள்ள பல பேருக்காகச் சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்க, ஆணையத்தின் அனுமதியோடு, சட்டத்தில் இடமிருக்கிறது. நோட்டீஸைப் பார்த்துவிட்டு மதுரையில் இப்படி வாங்கிக் கூப்பனோடு வீடு திரும்பியவர்கள், கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, பில்லையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு எனக்குத் தகவல் கொடுங்கள். சேர்ந்தே கேட்போம்.