திரும்பி வந்தவர்கள் எல்லாம் நம்பி வந்தவர்களா?

ஒரு சமூக ஊடகத் தளம் தன் பயனர்களின் நம்பிக்கையை இழந்த பிறகு அவர்கள் மீண்டும் வருவார்களா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கணக்கைத் திறப்பார்களா என்பது ஒன்று. முன்புபோல் மனம்விட்டு எழுதுவார்களா என்பது மற்றொன்று. தளங்கள் முதலாவதை மட்டும் எண்ணிக் கணக்குக் காட்டுகின்றன. நம்பிக்கை குலைந்த தளத்தின் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: செய்ததைத் திரும்பப் பெறுவது, மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே பாதையில் தொடர்வது, தேதியைத் தள்ளிவைத்து விளக்கம் சொல்வது, எதற்கும் இறங்கிவராமல் காத்திருப்பது. எது ஆட்களை மீட்டது, எது நம்பிக்கையை மீட்டது என்று பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை.

முதல் வழியை எடைபோட, பயனர்கள் இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களித்து மேலே ஏற்றும் டிக் (Digg) தளத்தைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே தளம், மூன்றாண்டு இடைவெளி, நேர்மாறான இரண்டு முடிவுகள். 2007 மே 1 அன்று, ஹெச்டி டிவிடி வட்டுகளின் பூட்டைத் திறக்க உதவும் ஓர் எண்ணைக் கொண்ட பதிவுகளை, சட்ட எச்சரிக்கைக்கு அஞ்சி அந்தத் தளம் நீக்கத் தொடங்கியது. நீக்க நீக்கப் பயனர்கள் மறுபடியும் பதிந்தார்கள். முகப்புப் பக்கம் முழுவதும் அந்த எண்ணாகவே நிறைந்தது. அன்றிரவே நிறுவனர் கெவின் ரோஸ் அந்த எண்ணையே தலைப்பில் வைத்து எழுதிய குறிப்பில், இனி நீக்கப்போவதில்லை, விளைவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிவித்தார். கொந்தளிப்பு அடங்கியது. பயனர்கள் திரும்பி வரவேண்டிய தேவையே எழவில்லை. அவர்கள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

2010 ஆகஸ்ட் 25 அன்று அதே தளம் நான்காம் பதிப்பை வெளியிட்டது. பிடிக்காத பதிவைக் கீழே தள்ளும் பொத்தான் காணாமல் போயிற்று. செய்தி நிறுவனங்கள் தங்கள் இணைப்புகளைத் தானாகவே உள்ளே கொட்டுவதற்கு வழி திறந்துவிடப்பட்டது. தளம் அடிக்கடி முடங்கவும் செய்தது. இம்முறை எதிர்ப்பு வேறு வடிவம் எடுத்தது. ஆகஸ்ட் 30 அன்று பயனர்கள் டிக்கின் முகப்பைப் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளால் நிரப்பினார்கள். கோபத்தைக் காட்டிய கையோடு, போய்ச் சேரவேண்டிய முகவரியையும் வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். பொத்தான் பின்னர் திரும்ப வந்தது, போனவர்கள் வரவில்லை. 2012 ஜூலையில் அந்தத் தளமும் பெயரும் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்திகள் வெளியாயின. 2025 மார்ச்சில் கெவின் ரோஸும் ரெடிட்டின் இணை நிறுவனர் அலெக்சிஸ் ஒஹானியனும் சேர்ந்து அந்தப் பெயரை வாங்கியதைப் பழைய நினைவின் கணக்கில்தான் என்னால் சேர்க்க முடிகிறது.

இரண்டாம் முறையும் தளம் இறங்கித்தான் வந்தது. ஆனால் அதற்குள் கூட்டம் மொத்தமாக வேறோரிடத்தில் உட்கார்ந்துவிட்டது. வலைப்பதிவுத் தளமான டம்ப்ளரின் கதையும் ஏறத்தாழ இதுவே. 2018 டிசம்பரில் வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தைத் தடைசெய்த அத்தளம், 2022 நவம்பரில் விதியை ஓரளவு தளர்த்தியது. 2013-இல் 110 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட நிறுவனம் இடையில் 30 லட்சம் டாலருக்கும் குறைவாக விலைபோனதாகக் கூறப்பட்டது. நான்கு ஆண்டு கழித்துத் திறந்த கதவின் முன் யார் காத்திருப்பார்கள்?

மன்னிப்புக் கேட்டுத் தொடரும் வழிக்கு ஃபேஸ்புக் எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 2,70,000 பேர் நிறுவிய ஒரு வினாடி வினாச் செயலியின் மூலம் 8.7 கோடிப் பேர் வரையிலான தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போயிருக்கலாம் என்பது 2018-இல் வெளிவந்தது. செயலியைத் தொடாதவர்களின் விவரங்களும், நண்பர்கள் பட்டியலில் இருந்த ஒரே காரணத்தால், உடன் போயின. வாட்ஸ்அப்பின் இணை நிறுவனர் பிரையன் ஆக்டனே ஃபேஸ்புக்கை நீக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆனால் 2023-இல் தளத்தின் மாதாந்திரப் பயனர்கள் 300 கோடியைத் தாண்டினார்கள். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் மன்னிப்பு பலித்துவிட்டது என்பார். 2018-இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கருத்துக்கணிப்பு வேறொன்றைக் காட்டுகிறது: முந்தைய ஓராண்டில் அமெரிக்கப் பயனர்களில் 42 விழுக்காட்டினர் சில வாரங்களாவது விலகி இருந்திருக்கிறார்கள், 26 விழுக்காட்டினர் கைபேசியிலிருந்து செயலியை நீக்கியிருக்கிறார்கள். செயலியை நீக்குவது கணக்கை அழிப்பது ஆகாது. வீட்டை விற்காமல் பூட்டிவிட்டுப் போவதைப் போன்றது அது.

மூன்றாம் வழியில் வாட்ஸ்அப் சென்றது. 2021 ஜனவரியில் புதிய தனியுரிமைக் கொள்கையைப் பிப்ரவரி 8-க்குள் ஏற்கவேண்டும் என்று அறிவிப்பு வந்ததும், டெலிகிராமில் 72 மணி நேரத்தில் 2.5 கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலி கூட்டம் தாங்காமல் ஒரு நாள் முடங்கியது. வாட்ஸ்அப் கெடுவை மே 15-க்குத் தள்ளியது, தனிப்பட்ட உரையாடல்களைப் பிறர் படிக்க முடியாமல் காக்கும் குறியாக்கம் மாறவில்லை என்று விளக்கியது. அந்த அவகாசத்தில் கோபம் ஆறியதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. புதிய செயலியை நிறுவியவர்கள், தங்கள் குடும்பக் குழுவும் அலுவலகக் குழுவும் பழைய இடத்திலேயே இருப்பதைக் கண்டார்கள். தனியாகப் போனவர் தனியாகவே திரும்பினார். இதை நம்பிக்கையின் மீட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் வழியான காத்திருப்பு, கேட்க அழகாக இல்லாவிட்டாலும், செலவு குறைந்தது. 2023 ஜூனில் தன்னைப் படிக்க உதவும் வெளிச் செயலிகளுக்கு ரெடிட் கட்டணம் விதித்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் தங்கள் பக்கங்களை மூடிவைத்தபோது, தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் ஹஃப்மன் இதுவும் கடந்துபோகும் என்ற பொருளில் ஊழியர்களுக்கு எழுதினார். கடந்துதான் போயிற்று, அந்த வெளிச் செயலிகளில் ஒன்றான அபோலோ மூடப்பட்டது, 2024 மார்ச்சில் ரெடிட் பங்குச் சந்தைக்கு வந்தது. 48 மணி நேரம் என்று முன்கூட்டியே முடிவுத் தேதி குறித்த போராட்டத்தில், எதிர்த் தரப்பு நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். ட்விட்டர் கைமாறிய பிறகு, 2022 இறுதியில் சுமார் 25 லட்சத்தைத் தொட்ட, தனித்தனி சர்வர்களாக இயங்கும் மாற்றுத் தளமான மாஸ்டொடனின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கையும் ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 18 லட்சமாக இறங்கியது. எந்தச் சர்வரில் சேர்வது என்ற முதல் கேள்வியிலேயே பலர் தயங்கி நின்றார்கள்.

திரும்புதல் என்பது கிட்டத்தில் எப்படி இருக்கும் என்பதை நானே அறிவேன். ஒரு தளத்தில் என் கணக்கை நீக்கக் கொடுத்திருந்தேன். முற்றிலும் அழிய 30 நாள் அவகாசம். 26-ஆம் நாள், பழைய நண்பர் ஒருவரின் தந்தை மறைந்த செய்தி அங்கேதான் பகிரப்பட்டிருக்கிறது என்று தெரிந்து உள்ளே போனேன். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் 'மீண்டும் வருக' என்றது, நீக்கம் ரத்தாயிற்று. நானும் அதை விட்டுவிட்டேன். ஆனால் தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதியை எடுத்தேன், பிறந்தநாளை மறைத்தேன், செயலியை நீக்கிவிட்டு உலாவியில் மட்டும் திறக்கிறேன், அதன்பின் ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தத் தளத்தின் ஏட்டில் நான் திரும்பிவந்த பயனர்.

ஆகவே எண்ணிக்கை போதும் என்று நினைக்கும் தளத்துக்குக் காத்திருப்பே லாபம். மாற்றிடம் ஒன்று தயாராகும் வரை அது பலிக்கும். நம்பிக்கையும் வேண்டுமென்றால் சில மணி நேரத்திற்குள், நட்டத்தை ஏற்றுக்கொண்டு, பின்வாங்க வேண்டும். இவை இரண்டையும்விட நான் மதிப்பது தளங்கள் அரிதாகவே தேர்ந்தெடுக்கும் ஐந்தாவது வழியை: வெளியேறுவதை எளிதாக்குவது. போக முடியும் என்று தெரிந்தவர்தான் பயமின்றி இருப்பார், பயமின்றித் திரும்புவார். மாஸ்டொடனில் சர்வர் மாறும்போது பின்தொடர்வோர் உடன் வருகிறார்கள், பழைய பதிவுகள் வருவதில்லை. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் நேர்மாறானதைத் தருகிறது. தளத்திடம் கேட்டால் என் படங்களும் பதிவுகளும் ஒரு ஜிப் கோப்பாக வந்துசேரும்; அவற்றின் கீழே என்னோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் அதில் இருக்கமாட்டார்கள்.