பழைய 486-ஐ ரிப்பேருக்குக் கொடுத்தேன்: 14,500 ரூபாயும் போச்சு, சிப்பும் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அந்த ஆளுக்கு அதுதான் வசதி. பழைய கம்ப்யூட்டரை வீட்டில் வைத்திருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். கடையில் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மெஷின் என் சித்தப்பாவுடையது. கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். 90-களில் பல இன்ஸ்டிடியூட்டுகள் செய்த மாதிரி அவரும் டைப்ரைட்டர்களை ஓரம் தள்ளிவிட்டு, வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1995-ல் வாங்கிய அசெம்பிள்டு 486, அதாவது பென்டியத்துக்கு முந்தைய தலைமுறை பிராசஸரில் ஓடும் கம்ப்யூட்டர். பிராசஸர் இன்டெல் டிஎக்ஸ்2-66 சிப், 4 எம்பி ரேம் இரண்டு, டாஸ் 6.22, அதன் மேல் விண்டோஸ் 3.1. முன்னால் டர்போ பட்டன் வேறு. இன்ஸ்டிடியூட்டை மூடியபோது எல்லாம் எடைக்குப் போனது, இது ஒன்றை மட்டும் நான் எடுத்து வந்தேன்.

ஆன் செய்தால் பவர் சப்ளை ஃபேன் சுற்றும், ஹார்ட் டிஸ்க் சத்தமும் கேட்கும். அதோடு சரி. பீப் கிடையாது, திரை இருட்டு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒழுங்காக வந்தன. மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. அந்தக் கால மதர்போர்டுகளில் தேதியையும் செட்டிங்கையும் காப்பாற்ற 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சின்ன உருளையாகப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அது கசிந்து சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, செம்புத் தடங்களை மெல்ல அரித்துவிடும். பக்கத்திலேயே கீபோர்டு கண்ட்ரோலர் சிப். பெயரைப் பார்த்து அது கீபோர்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த மெஷின்களில் 1 எம்பிக்கு மேலுள்ள மெமரிக்குப் போகும் ஏ20 லைனும் அதன் கையில்தான். அதற்கு வரும் தடம் அறுந்தால் மெஷின் எழுந்திருக்காது.

பேட்டரியை வெட்டி எடுத்தேன். வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவினேன். மிச்சம் இருந்தது அரித்துப்போன தடங்களுக்கு முடி மாதிரி வயர் இழுக்கும் வேலை. அதற்குக் கை பழகிய ஆள் வேண்டும். அப்படித்தான் சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில், மாடிப்படி ஏறிப் போகிற, 'பழைய போர்டு சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை மாட்டிய கடை.

அங்கே நடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஐம்பது வயதுக்காரர். கேபினெட்டைத் திறந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "டிஎக்ஸ்2 சிக்ஸ்டி சிக்ஸா! இதுல எத்தனை அசெம்பிள் பண்ணியிருக்கேன் தெரியுமா தம்பி?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே பேட்டரி இருந்த இடத்தைக் காட்டி, "இதுதான் வில்லன்" என்றார். பவர் கனெக்டர் இரண்டையும் பிடுங்கி, "கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவுல சேரணும், மாத்திச் சொருகினா போர்டு காலி" என்று பக்கத்தில் நின்ற பையனுக்குப் பாடம் எடுத்தார். நூற்றுக்கு நூறு சரி. டீ சொன்னார். "இதையெல்லாம் ஸ்கிராப்ல போடுறானுங்க, மனசு கேக்க மாட்டேங்குது" என்றார். வேலை தெரியாதவன் ஏமாற்றினால் சீக்கிரம் தெரிந்துவிடும். இவருக்கு வேலை நன்றாகத் தெரியும்! அதுதான் வயிறு எரிகிறது.

முதலில் 4,000 அட்வான்ஸ். அப்புறம் போன் வந்தது: "தம்பி, பயாஸ் சிப் போயிருச்சு, பெங்களூர்ல இருந்து வரவழைக்கணும்." மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம் அந்தச் சிப்பில்தான் இருக்கும். அதற்கு 6,500. எடுக்கப் போன அன்று கூலி 4,000. மொத்தம் 14,500 ரூபாய். எல்லாம் ஜிபேயில், அவர் சொன்ன ஒரு தனி நம்பருக்கு. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதிக் கொடுத்தார்.

ஓட்டிக் காட்டச் சொன்னேன். "கரண்ட் கட் தம்பி, யூபிஎஸ் தாங்காது, நேத்து ஓடினதை எடுத்து வெச்சிருக்கேன்" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டி, எனக்கும் அனுப்பினார். மெமரி எண்ணிக்கை கடகடவென்று ஓடியது. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் பழைய கதை. ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திரையில் அவார்ட் கம்பெனி பயாஸ். என் போர்டில் இருப்பது ஏஎம்ஐ பயாஸ். வேறு யாருடைய மெஷினையோ எடுத்த வீடியோ! கேபினெட்டைத் திறந்தேன். பெங்களூரிலிருந்து 6,500 ரூபாய்க்கு வந்ததாகச் சொன்ன பயாஸ் சிப்பில் அதே பழைய ஏஎம்ஐ ஸ்டிக்கர், ஓரத்தில் அதே தூசி. ரேமில் ஒன்றைக் காணோம். அரித்த தடங்களில் ஒரு வயர்கூட இழுக்கவில்லை, மேலே ஏதோ பச்சைப் பெயின்டைப் பூசியிருக்கிறார்கள்.

சாக்கெட்டில் இருந்தது டிஎக்ஸ்2-66 இல்லை. 486எஸ்எக்ஸ்-25. கணக்குப் போடும் கோப்ராசஸர் வேலை செய்யாத, அந்த வரிசையில் மலிவான ரகச் சிப். எந்தச் சிப் என்பதற்கேற்ப போர்டில் மாற்றிச் செருகும் ஜம்பர்களெல்லாம் டிஎக்ஸ்2-க்கு வைத்தபடியே இருக்கின்றன. அதாவது ஓட வேண்டும் என்ற எண்ணத்தில்கூடச் செருகவில்லை, குழி காலியாகத் தெரியக் கூடாது என்று அடைத்திருக்கிறார்கள். அந்தச் செராமிக் சிப்புகளின் 168 கால்களிலும் தங்க முலாம் உண்டு. அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், சேகரிப்பவர்கள் இன்னும் கூடுதலாகவே கொடுப்பார்கள்.

போன் செய்தேன். "அது உங்க சிப்தான் தம்பி, சூட்டுல எழுத்து அழிஞ்சிருக்கும்." சூட்டில் அழியும், சரி. டிஎக்ஸ்2-66 அழிந்து எஸ்எக்ஸ்-25 என்று புதிதாக அச்சாகுமா? கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் பையன் எடுத்து "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு" என்கிறான். அப்புறம் "அண்ணன் ஊருக்குப் போயிருக்காரு." நேரில் போய் நின்றால் அண்ணன் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். "முப்பது வருஷ மெஷின், ஓடுறதுக்கு கேரண்டி கொடுக்க முடியுமா? நீங்களே வினிகரை ஊத்திக் கெடுத்துட்டீங்க" என்று நாலு பேர் முன்னால் என்னையே திருப்பினார். முதல் நாள் அதே வினிகரைப் பார்த்து "சரியாப் பண்ணியிருக்கீங்க" என்று சொன்ன வாய்தான். 14,500 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. பணம்கூடப் போகட்டும், சித்தப்பாவின் சிப்பைக் கொடு என்றேன். சிரிக்கிறார்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதிந்துவிட்டேன். அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது. ஜிபே விவரம், போட்டோ, அந்த வீடியோ எல்லாம் கையில் இருக்கின்றன. வீடியோவை அவரே அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். கொடுக்கும் முன் சிப், ரேம், பயாஸ் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், கடைக்காரர் கண் முன்னாலேயே எடுங்கள். பிராசஸரும் ரேமும் சாக்கெட்டில் இருப்பவை, கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத் தடம் போடப் போர்டை மட்டும் கொடுத்தாலே போதும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வீடியோவை நம்பாதீர்கள், கரண்ட் வரும் வரை அங்கேயே உட்காருங்கள். உங்கள் மெஷினில் அந்த உருளை பேட்டரி இன்னும் இருந்தால், கசியாமல் இருந்தாலும் இன்றைக்கே வெட்டி எடுங்கள்.

இன்னொன்று. சித்தப்பாவுக்கு விற்ற டீலர் அந்த டிஎக்ஸ்2-வின் ஓரத்தில் மஞ்சள் வாரண்டி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, பேனாவால் '2/95' என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு சிப் உங்களிடம் விலைக்கு வந்தால் விற்பவரிடம் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.