வீட்டு சோலார் ரிவ்யூ: கரன்ட் பில்ல விடுங்க, பூமிக்கு இதனால லாபமா?

சோலார் ரிவ்யூன்னு தேடினா எல்லாமே எத்தன வாட், எத்தன வருஷத்துல போட்ட காசு வரும், எந்த இன்வெர்ட்டர் நல்லாருக்கும்ங்கிறதோட முடிஞ்சிடுது. நான் இத மாட்டினதே நம்ம வீட்டுக்காக நிலக்கரி எரியிறது கொஞ்சமாவது குறையணும்னுதான், அதனால இந்த ரிவ்யூ முழுக்க அந்தப் பக்கத்துல இருந்து மட்டும்தான். மாடில இருக்கிறது 3 கிலோவாட், மோனோ பேனல் (ஒரே படிக சிலிக்கான்ல செஞ்சது), கிரிட்டோட, அதாவது ஊர் கரன்ட் லைனோட சேந்தது, பேட்டரி இல்ல.

பேனல் செய்யறது ஒண்ணும் சுத்தமான வேலை இல்ல, அத மொதல்லயே சொல்லிடணும். குவார்ட்ஸ் கல்ல கரியோட சேத்து உலைல போட்டு சிலிக்கான் எடுக்கணும், அத கெமிக்கலோட சேத்து வாயுவாக்கி சுத்தம் பண்ணணும், மறுபடி 1414 டிகிரிக்கு மேல உருக்கி ஒரே படிகமா இழுக்கணும், அப்புறம் வைரத் தூள் ஒட்டின கம்பி வெச்சு 0.2 மில்லிமீட்டருக்கும் கம்மியா அறுக்கணும், அறுக்கிறப்பவே ஒரு பங்கு தூளாப் போயிடும். எல்லாத்துக்கும் கரன்ட் தேவை. இன்டர்நேஷனல் எனர்ஜி ஏஜென்சி 2022ல சொன்ன கணக்குப்படி இந்த தயாரிப்புல ஒவ்வொரு கட்டத்துலயும் 80 சதவீதத்துக்கு மேல சீனாவுலதான் நடக்குது, அங்க கரன்ட்ல பாதிக்கும் மேல நிலக்கரில இருந்து வருது. ஆக ஒவ்வொரு பேனலும் கார்பன் கடனோடதான் நம்ம மாடிக்கு ஏறுது.

அந்தக் கடன் எப்ப அடையுதுன்னு பாத்தாதான் பேனலோட அருமை தெரியும். "செய்ய ஆகுற கரன்ட்ட கூட அது திருப்பித் தராது"ன்னு இன்னமும் சிலர் சொல்லிட்டுத் திரியறாங்க, அது சுத்தமா தப்பு. இப்ப வர்ற பேனல் நல்ல வெயில் இருக்கிற இடத்துல தன்னை செய்ய செலவான எனர்ஜிய சுமாரா 1 வருஷம், 1½ வருஷத்துல திருப்பிக் குடுத்துடுது, வெயில் கம்மியான இடம்னா கொஞ்சம் கூட ஆகும், கொஞ்சம் பழைய மாடல்னா 2, 3 வருஷம்னு வெச்சுக்கலாம். ஆயுசு 25, 30 வருஷம், விளைச்சல் வருஷத்துக்கு அரை சதவீதம் மாதிரி குறையும், அவ்ளோதான். ஐ.நா.வோட காலநிலை விஞ்ஞானிகள் குழு ஐபிசிசி 2014ல போட்ட கணக்குல வாழ்நாள் மொத்தத்தயும் சேத்து கூரை சோலார் ஒரு யூனிட்டுக்கு 41 கிராம் கார்பன் டை ஆக்சைடு கணக்கு, கேஸ் 490, நிலக்கரி 820. என் சிஸ்டம் சைஸுக்கு நல்ல வெயில்ல 25 வருஷத்துல கிட்டத்தட்ட 1 லட்சம் யூனிட் வரும், அதுக்கு சோலார் கணக்கு 4 டன், அதே யூனிட்ட நிலக்கரில எடுத்தா 82 டன். இந்த வித்தியாசத்துக்கு முன்னாடி மத்த குறை எல்லாம் சின்னதுதான், ஆனா இந்தக் கணக்கு நிக்கிறது பேனல் அத்தன வருஷமும் மாடிலயே இருந்தா மட்டும்தான்.

அங்கதான் எனக்குக் கோவமே வருது. எங்க சிஸ்டத்துல ஒரு சமயம் விளைச்சல் வழக்கத்த விட கொஞ்சம் கம்மியாவே நின்னுது, தொடச்சுப் பாத்தும் ஏறல, சர்வீஸுக்கு சொன்னா வந்தவர் அஞ்சு நிமிஷம் கூட பாக்கல, "சார் இது பழைய மாடல், இப்ப 550 வாட்டே வந்துடுச்சு, மொத்தத்தயும் கழட்டிட்டு புதுசா போட்டுடலாம்"னு சொல்லிட்டாரு. நல்லா ஓடிட்டு இருக்கிற பேனலயும் சேத்து தூக்கிப் போடச் சொல்றது எந்த விதத்துல நியாயம்? தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர வரச் சொன்னேன், அவர் ஒவ்வொரு பேனலையும் தனியா கழட்டி மல்டிமீட்டர் வெச்சாரு, எல்லாம் 37 வோல்ட் கிட்ட காட்டுது, ஒண்ணு மட்டும் 25. பின்னாடி இருக்கிற கருப்பு ஜங்ஷன் பாக்ஸ திறந்தா உள்ள மூணு டயோடு (நிழல் விழுந்த செல்லுங்கள விட்டுட்டு கரன்ட்ட சுத்தி அனுப்புற சின்ன பார்ட்), அதுல ஒண்ணு ஷார்ட்டாகி கருகிப் போயிருக்கு, அதனால அந்த பேனல்ல மூணுல ஒரு பங்கு செல்லு வேலையே செய்யல. டயோட மாத்தினதும் பழைய வோல்ட்டேஜ் வந்துடுச்சு. (டிசி கரன்ட், வெயில்ல நீங்களா கை வைக்காதீங்க, பேனல மூடிட்டு தெரிஞ்சவங்கதான் பண்ணணும், வாரன்ட்டி இருந்தா திறக்கவே திறக்காதீங்க.) ஒரு சுண்டுவிரல் சைஸ் கூட இல்லாத பார்ட்டுக்காக ஒரு முழு சிஸ்டம் குப்பைக்குப் போயிருக்கும். இப்ப வர்ற நிறைய பேனல்ல அந்த பாக்ஸுக்குள்ள பசைய ஊத்தி சீல் பண்ணிடறாங்க, தண்ணி போகாம இருக்கத்தான், ஆனா ரிப்பேர் பண்ண வழியில்லாமப் போகுது, இதுக்கு கம்பெனிகளுக்கு நான் மார்க் குறைப்பேன்.

பேனலோட டிசி கரன்ட்ட வீட்டு ஏசி கரன்ட்டா மாத்துற இன்வெர்ட்டர் 10, 15 வருஷம் வரும், ஆக பேனல் ஆயுசுக்குள்ள ஒரு தடவையாவது மாத்தணும். வெயில் படாத, காத்தோட்டமான இடத்துல மாட்டினா உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் சீக்கிரம் சாகாது.

பேட்டரி விஷயத்துல எனக்கு பயம் உண்டு. லெட் ஆசிட் பேட்டரி 4, 5 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், 25 வருஷத்துக்கு எத்தன செட்னு நீங்களே பாத்துக்கோங்க. நல்ல ஃபாக்டரிக்குப் போச்சுன்னா ஈயம் கிட்டத்தட்ட முழுசா திரும்ப எடுத்துடலாம், ஆனா கொல்லைப்புறத்துல உடைச்சு ஆசிட்ட மண்ணுல ஊத்தி ஈயத்த உருக்குற எடத்துக்குப் போச்சுன்னா அந்தப் புகை பக்கத்து குழந்தைங்க ரத்தத்துலதான் போய் சேரும். யூனிசெஃப்பும் ப்யூர் எர்த்ங்கிற சுற்றுச்சூழல் அமைப்பும் 2020ல வெளியிட்ட ரிப்போர்ட்ல உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு ரத்தத்துல ஈயம் அளவுக்கு மீறி இருக்குன்னு சொன்னாங்க, அதுக்குப் பெரிய காரணங்கள்ல ஒண்ணு இப்படி பேட்டரி உடைக்கிறது. கரன்ட் கட் அவ்வளவா இல்லாத எடத்துல பேட்டரியே வேணாம். வேணும்னே ஆகணும்னா லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் வாங்குங்க, கோபால்ட் நிக்கல் இல்லாதது, 10 வருஷம் தாராளமா ஓடும்.

இன்னொண்ணு, மாட்டினதுக்கப்புறம் "சோலார்தான இருக்கு"ன்னு ஏசி நாள் பூரா ஓடற வீட்டப் பாக்கறேன். நாம எரிக்காத யூனிட் கிரிட்டுக்குப் போய் வேற எங்கயோ நிலக்கரியத் தள்ளி விடும், நாமளே கரைச்சிட்டா அது நடக்காது.

கடைசியா இந்த ப்ராடக்ட்டோட ரொம்ப வீக்கான எடம், கழட்டினதுக்கப்புறம் எங்க போகுதுங்கிறது. சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைப்பு ஐரீனாவும், இன்டர்நேஷனல் எனர்ஜி ஏஜென்சியோட சோலார் ஆராய்ச்சிக் குழு ஐஇஏ பிவிபிஎஸ்ஸும் 2016ல போட்ட கணக்கு, 2050க்குள்ள 7.8 கோடி டன் வரைக்கும் பேனல் கழிவு சேரும்னு. எடைல பெரும்பங்கு கண்ணாடி, அப்புறம் அலுமினிய ஃப்ரேம், கொஞ்சமா சிலிக்கான், காப்பர், வெள்ளி, சால்டர்ல ஈயம். ஃப்ரேம் சுலபமா வந்துடும், அலுமினியத்த மறுபடி உருக்க புதுசா எடுக்கிறதுல 5 சதவீத எனர்ஜிதான் ஆகும், அதனால அத எல்லாரும் எடுத்துக்குவாங்க. மிச்சம் எல்லாம் கண்ணாடியோட பசை வெச்சு ஒட்டி 25 வருஷ மழை வெயில் தாங்குற மாதிரி செஞ்சது, அதனாலயே பிரிக்கிறது கஷ்டம், பல எடத்துல நொறுக்கி விட்டுடறாங்க. ஐரோப்பிய யூனியன் 2012லயே சட்டம் போட்டு சந்தைக்குக் கொண்டு வர்ற கம்பெனிங்களே பழைய பேனல திரும்ப எடுத்துக்கணும்னு வெச்சிருக்கு. நீங்க எங்க வாங்கினாலும் கொட்டேஷன் வரும்போதே, பேனல் ஆயுசு முடிஞ்சா யாரு எடுத்துட்டுப் போவாங்க, எங்க குடுப்பாங்கன்னு எழுத்துல கேளுங்க. நான் கேட்ட எடத்துல பாதிப் பேரு பதிலே சொல்லல, சொன்னவர்கிட்டதான் வாங்கினேன்.

பேனலுக்கு 5க்கு 4½, பேட்டரி சேத்தா 3, கழட்டினதுக்கு அப்புறம் உள்ள சர்வீஸுக்கு 1.