ஆர்சிங்கும் அந்தப் பாழாய்ப்போன ஸ்லாஷும்

பக்கத்து லேப் நண்பர் 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறார். "அண்ணா, மைக்ராஸ்கோப் படங்களை அதுக்கு மாத்தணும். நீங்க ரொம்ப வருஷமா ஆர்சிங்க்தானே வெச்சிருக்கீங்க, நல்லா இருக்கா?" என்று கேட்டார். ஆர்சிங்க் (rsync) என்பது ஃபோல்டர்களை இன்னொரு டிஸ்குக்கோ சர்வருக்கோ நகலெடுக்கிற, கட்டளை அடித்து ஓட்டுகிற கருவி. நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் திட்டுதான் வருகிறது.

விஷயம் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் வருகிற ஒரு ஸ்லாஷ் (/). எடுக்கிற இடத்தை 'டேட்டா' என்று கொடுத்தால், அந்த ஃபோல்டரையே தூக்கிக்கொண்டு போய் பேக்கப்புக்குள் வைக்கும். 'டேட்டா/' என்று கொடுத்தால், உள்ளே இருப்பதை மட்டும் கொட்டும். மேனுவலில் இது தெளிவாகவே இருக்கிறது, குறை சொல்ல முடியாது. என் கோபமெல்லாம் டேப் பட்டனோடு சேரும்போதுதான். கட்டளை அடிக்கிற பாஷ் (bash) திரையில் பெயரைப் பாதி அடித்து டேப் தட்டினால், மீதியை நிரப்பி ஸ்லாஷையும் தானே ஒட்டிவிடும். முழுப் பெயரையும் கையால் அடிக்கிறவர் ஸ்லாஷ் போட மாட்டார். ஆக, ஒரே கட்டளை யார் விரல் அடிக்கிறதோ அதைப் பொறுத்து வேறு வேறு வேலை செய்யும். லினக்ஸில் நகலெடுக்கிற சாதாரண சிபி (cp) கட்டளை இந்த ஸ்லாஷைக் கண்டுகொள்வதே இல்லை. அதில் பழகி வருகிறவர்கள் நேராக இங்கே வந்து மாட்டுவார்கள்.

எங்கள் லேபில் ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று திறந்து பார்த்தால், டேட்டாவுக்குள் இன்னொரு டேட்டா. ஒரு மாணவர் ஸ்லாஷோடு அனுப்பியிருக்கிறார், அடுத்தவர் ஸ்லாஷ் இல்லாமல். அதே மைக்ராஸ்கோப் படங்கள் இரண்டு தடவை. இதில் இடம்தான் வீண். டெலீட் ஆப்ஷன் சேர்ந்தால்தான் வயிற்றைக் கலக்கும்: ஸ்லாஷ் போட்டு, போய்ச் சேரும் இடமாக மொத்த பேக்கப் ஃபோல்டரையும் காட்டினால், டேட்டாவில் இல்லாததெல்லாம் அழியும், மற்றவர்களுடைய ப்ராஜெக்ட் உட்பட. அதே வரியில் ஸ்லாஷ் இல்லையென்றால் அந்த ப்ராஜெக்ட்களுக்கு ஒன்றும் ஆகாது. மைனஸ் என் (-n) போட்டால் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டுமே, ஒத்திகை பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஆர்சிங்க் 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் கொண்டுவந்தது. ஃபைலில் மாறிய துண்டை மட்டும் நெட்வொர்க்கில் அனுப்பும் உத்தியால் பெயர் வாங்கியது. (இரண்டு டிஸ்கும் ஒரே மெஷினில் இருந்தால் அது நடக்காது, மாறிய ஃபைலை முழுசாகத்தான் எழுதும்.) எனக்குப் பிடித்தது வேறு. சர்வருக்கு அனுப்பும்போது நடுராத்திரியில் கனெக்‌ஷன் அறுந்துவிடும். காலையில் வந்து மேல் அம்புக்குறியைத் தட்டி அதே கட்டளையை வரவழைத்து என்டர் கொடுத்தால் போதும். போய்ச் சேர்ந்ததை அளவையும் நேரத்தையும் மட்டும் பார்த்துச் சடசடவென்று தாண்டிப் போகும். பெரிய பி (-P) ஆப்ஷன் போட்டிருந்தால் பாதியில் நின்ற ஃபைலும் வீணாகாது. கடைசியில், எல்லாவற்றையும் அனுப்பாமல் எத்தனை மடங்கு மிச்சம் பிடித்தது என்று ஸ்பீட்அப் எண் ஒன்று காட்டும் பாருங்கள், அதைப் பார்க்கவே ஓட்டலாம்.

ஆனால் அளவும் நேரமும் ஒத்துப்போனால் உள்ளே கெட்டிருக்கிறதா என்று அது பார்க்காது. ஆராய்ச்சி டேட்டா என்றால், உள்ளே இருப்பதையே ஒப்பிடச் சொல்லும் மைனஸ் சி (-c) போட்டு அவ்வப்போது ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும். ஃபேட் ஃபார்மேட் பென் டிரைவ் நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் வைக்கும் என்பதால் சின்ன நேர வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல மாடிஃபை விண்டோ என்ற ஆப்ஷன் வேறு போட வேண்டும், அது ஒரு தலைவலி.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம், இதே வேலையைச் செய்கிற ஆர்க்ளோன் (rclone) போட்டுக்கோ. ஸ்லாஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோல்டருக்குள் இருப்பதைத்தான் அது எடுக்கும், சரிபார்க்க செக் என்று தனிக் கட்டளையும் இருக்கிறது. சிம்லிங்க்கை, அதாவது வேறு ஃபைலைக் காட்டும் குறுக்குவழியை, மட்டும் தானாக எடுக்காது, அதற்கு ஆப்ஷன் சொல்ல வேண்டும். "அப்ப நீங்களும் மாறிடுவீங்களா?" என்றார். நான் எதற்கு மாற வேண்டும்? கட்டளையை எழுதி வைத்திருக்கிற என் ஸ்கிரிப்டில் ஸ்லாஷ் சரியான இடத்தில் இருக்கிறது, யாரும் மாற்றாதபடி அந்த ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கி வைத்திருக்கிறேன்.