மைசூர் லான்சர்ஸில் கொள்ளுத்தாத்தா: பெங்களூரில் தேடிப் பார்த்த அனுபவம்

கொள்ளுத்தாத்தா மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படையோடு முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இவ்வளவு தெரியும், இதற்கு மேல் யாருக்கும் தெரியாது. இந்த முறை டொராண்டோவிலிருந்து பெங்களூர் போனபோது, கல்யாண வேலைகளுக்கு நடுவே இதற்கென்று நேரம் ஒதுக்கினேன். இப்படித் தேட நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கைக்குக் கிடைத்தது அல்சூரில் அத்தை வீட்டு பீரோவில் இருந்த பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை. மறு பக்கம் குதிரை மேல் ஒருவன், 1914, 1918 என்ற ஆண்டுகள். அந்தக் குதிரைக்காரனைப் பார்த்துத்தான் கொள்ளுத்தாத்தா ஈட்டி பிடித்துப் போரிட்டவர் என்று வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கலாம் என்று அத்தை எலுமிச்சம்பழத்தை நறுக்கிவிட்டார். நல்லவேளை, அதற்குள் சிவாஜிநகரில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சார், இது வெள்ளி இல்லை, வெண்கலம். ஓரத்துல எழுத்து இருக்கு, தேய்ச்சிடாதீங்க" என்றார். எண், பெயர், படையின் சுருக்கப் பெயர், அவற்றோடு 'சைஸ்' (syce, அதாவது குதிரை பராமரிப்பவர்) என்ற பதவி. காசு வாங்க மறுத்துவிட்டார்.

போரிட்ட வீரர்களுக்கு இந்தப் பதக்கம் வெள்ளியில் தரப்பட்டது. படையோடு போன உதவியாளர்களுக்கும் தொழிலாளர் படையினருக்கும் வெண்கலம். ஆக, கொள்ளுத்தாத்தா குதிரைகளைப் பராமரித்தவர். மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மைசூர் லான்சர்ஸ் எகிப்துக்குப் போய் சூயஸ் கால்வாயைக் காவல் காத்து, பிறகு பாலஸ்தீனத்தில் சண்டையிட்டது. 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் லான்சர்ஸும் இவர்களும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே பாய்ந்து அங்கிருந்த ஹைஃபா துறைமுக நகரைப் பிடித்தார்கள். அன்று ஒரே நாளில் 60 குதிரைகள் செத்தன, 83 காயப்பட்டன. அந்த 83 குதிரைகளுக்குக் கட்டுப் போட்டு, தண்ணீர் காட்டி, ராத்திரி கண் விழித்தவர்கள் யார்? ஹைஃபா வெற்றி பேசப்படும் இடங்களில் அவர்கள் பேரும் வர வேண்டும்.

அப்புறம் விகாச சௌதாவில் உள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகம். விதான சௌதா மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். அடையாள அட்டையும் என்ன ஆராய்ச்சி என்று விளக்கும் கடிதமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உதவிய அம்மா பாதி கன்னடம், பாதி தமிழில் பொறுமையாக விளக்கினார். ஆள் பேரை மட்டும் சொன்னால் தேட முடியாது, வருஷமும் துறையும் வேண்டும் என்றார். அட்டவணையைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தேன், கட்டுகள் வந்தன. ஒரு கோப்பில் எகிப்துக்கு மாற்றாள்களாக அனுப்ப வேண்டிய சைஸ்களைப் பற்றிய கடிதங்கள் இருந்தன. பெயர்ப் பட்டியல் இல்லை. ஆனாலும் அவர்களைப் பற்றி அரசு எழுதிய காகிதத்தை முதல்முறை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. பழைய கன்னடக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது.

இன்னொரு அலுவலகத்தில் மட்டும் மனம் நொந்தது. "சைஸுக்கெல்லாம் ஏது சார் ரெக்கார்டு" என்று, தாளைக்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார்கள்.

ஜே.சி. நகரில் மைசூர் லான்சர்ஸ் நினைவுத்தூண் இருக்கிறது. ஆட்டோவில் போய் வணங்கிவிட்டு வந்தேன். போரில் இறந்தவர்களைத் தேடுபவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். உயிரோடு திரும்பியவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பதக்கத்தின் விளிம்புதான் முதல் சாட்சி. அதிலிருக்கும் எண்ணை வைத்து லண்டனில் கியூ (Kew) என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேடச் சொல்லி, அங்கே இருக்கும் மச்சானுக்கு விளிம்பின் படங்களை அனுப்பியிருக்கிறேன்.